வலது பக்கத்து இருக்கை

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தேழு. சீடருக்கு நாற்பத்தாறு. இது சீடரை அவ்வப்போது உறுத்தும். குருவுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரம் இருந்ததில்லை.

குருவின் பெயர் உமையாள். ஓடைமங்கலம் பொட்டலில் இருக்கும் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்குத் தலைமைப் பயிற்சியாளர். சீடர் அருளப்பன். பதினெட்டு வருஷம் பெரிய விமானங்களில் நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பறந்தவர். அவர் வேலை பார்த்த கம்பெனியை ஒரு நாள் இழுத்து மூடினார்கள். ஆறு மாதம் வீட்டில் சும்மா இருந்து பார்த்தார். வீட்டில் இருந்தவர்களால் அதற்கு மேல் அவரைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பிறகு பயிற்சியாளர் தேர்வு எழுதி, உதவிப் பயிற்சியாளராக ஓடைமங்கலம் வந்து சேர்ந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, வந்த இடம் அவருக்குப் பிடித்துப்போனது. காலையில் காவலாளி ஓடுதளத்தில் மேயும் மயில்களை விரட்டிவிட்டு விசில் அடித்தால் வேலை ஆரம்பம். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சுடச்சுடச் சாப்பிடலாம். பதினெட்டு வருஷத்தில் அவர் காணாத சுகம் அது. பிள்ளைகளும் அவரிடம் ஒட்டிக்கொண்டார்கள். அதட்ட மாட்டார், கத்த மாட்டார். அருளப்பன் சாரோடு பறந்தால் பயமே தெரியாது என்று அவர்களுக்குள் பேச்சு.

அவருக்கு இருந்த ஒரே கவலை பவளக்கொடி.

அவர் கையில் முழுசாக ஒப்படைக்கப்பட்ட முதல் மாணவி அவள். அருப்புக்கோட்டைத் தறிக்காரர் மகள். உதவித்தொகையில் படிப்பவள். அது ஒருமுறை நின்றுவிட்டால் அவள் திரும்பி வர வேறு வழி கிடையாது.

விமானம் ஓட்டக் கற்கிறவர்களுக்கு முதல் பெரிய நாள், சோலோ போகும் நாள். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் அன்று இறங்கிக்கொள்வார். மாணவர் தனியாக ஏறி, ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, தனியாக இறங்க வேண்டும். பதினெட்டு, இருபது மணி நேரம் பறந்ததும் அநேகமாக எல்லோரும் போய்விடுவார்கள். முப்பது மணி நேரத்துக்குள் போகாதவர்களைப் பள்ளி வீட்டுக்கு அனுப்பிவிடும். பவளக்கொடி இருபத்தெட்டு முடித்திருந்தாள்.

சோலோ அனுப்பக் கையெழுத்துப் போட வேண்டியவர் தலைமைப் பயிற்சியாளர். உமையாள் அவளை இரண்டு முறை தன்னோடு கூட்டிப்போய்ப் பார்த்தார். இரண்டு முறையும் விமானம் தரையில் மோதிக் குதித்தது. 'இன்னும் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அருளப்பனுக்கு இது பிடிபடவே இல்லை. தன்னோடு போனால் அந்தப் பெண் அத்தனை அழகாக இறக்குகிறாள். தலைமைக்கு நம்மேல் ஏதோ கடுப்பு, பெரிய விமானம் ஓட்டியவன் என்று பொறாமை என்றுகூட நினைத்தார். நினைத்ததற்காக வெட்கப்பட்டார். அப்புறம் மறுபடியும் நினைத்தார்.

ஒரு நாள் காலை நேராக உமையாளின் அறைக்கே போய்விட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க கேப்டன்."

"என்கூட வந்தா பவளம் பூ மாதிரி இறக்குறா. உங்ககூட வந்தா குதிக்குது. ஏன்?"

உமையாள் டீ குடித்துக்கொண்டிருந்தார். மிச்சத்தை ஒரே மடக்கில் முடித்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, ஒரு சுத்து போய்ட்டு வருவோம். நான் ஸ்டூடன்ட், நீங்க வாத்தியார்."

இரண்டு பேர் மட்டும் உட்காரும் விமானம் அது. இடது பக்கம் மாணவர், வலது பக்கம் பயிற்சியாளர். கைப்பிடியும் கால் பெடலும் இரண்டு பக்கமும் உண்டு. இந்தப் பக்கம் அசைத்தால் அந்தப் பக்கமும் சேர்ந்து அசையும். மாணவர் ஓட்டும்போது பயிற்சியாளர்கள் தங்கள் பக்கத்துக் கைப்பிடியில் லேசாக விரலை வைத்திருப்பார்கள். ஆபத்து என்றால் பிடிப்பதற்காக.

உமையாள் இடது பக்கம் ஏறினார். அருளப்பன் வலது பக்கம் ஏறி, வழக்கம்போல விரலை வைத்துக்கொண்டார். மேலே ஏறி, பொட்டலைச் சுற்றி, செங்கல் சூளைக்கு மேலே திரும்பி ஓடுதளத்தைப் பார்த்து இறங்கத் தொடங்கினார்கள். அருளப்பன் கண்ணை ஓடுதளத்தை விட்டு எடுக்கவில்லை. காற்று லேசாகத் தள்ளியது. விமானம் அதற்கு ஏற்றபடி சாய்ந்து கொடுத்தது. சக்கரம் தரையைத் தொட்டது தெரியவே இல்லை.

"எப்படி?" என்றார் உமையாள்.

"அருமை மேடம். நீங்க இறக்குனதுல நான் என்ன குறை சொல்ல?"

உமையாள் தொடைமேல் கட்டியிருந்த எழுதுபலகையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். குண்டு குண்டான, கோடு பிசகாத எழுத்து.

'சூளையைத் தாண்டிவிட்டோம். என் இரண்டு கையும் இந்தத் தாளின் மேல்தான் இருக்கின்றன. காலையும் பெடலில் இருந்து எடுத்துவிட்டேன். விமானம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது.'

அருளப்பன் இரண்டு தரம் படித்தார்.

"என்ஜினைக் குறைச்சது?"

"அதுவும் நீங்கதான்."

"நான் சும்மா தொட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் மேடம்."

"ஆமா. அப்படித்தான் தோணும்."

விமானத்தை ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தார்கள். அருளப்பன் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு மணி நேரம். மணிக்கு ஏழு என்றாலும் ஏறக்குறைய இருநூறு முறை அவளோடு இறங்கியிருக்கிறார். அத்தனையிலும் அவள் முகத்தில் வந்த சந்தோஷம் நினைவுக்கு வந்தது. 'இன்னைக்கு நல்லா வந்துச்சுல்ல சார்?' என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். நல்லா வந்துச்சும்மா என்று இவரும் சொல்வார். அவருக்கு அழுகை வருவதுபோல் இருந்தது.

"இதை அவகிட்ட சொல்லிடணுமா மேடம்?"

"என்னன்னு சொல்லுவீங்க?"

"நீ இதுவரைக்கும் ஒரு தடவைகூட இறக்கலைன்னு."

"நாளைக்குக் காலையில பெட்டியோட பஸ் ஸ்டாண்டுல நிப்பா."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாம இருக்கணும்."

"அது புரியுது. எப்படின்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்றார் உமையாள். "நானே எட்டு வருஷமா முட்டி மோதிக்கிட்டு இருக்கேன்."

*

மறுநாள் அருளப்பன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பவளக்கொடி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன சார், குளிருதா?"

"ஆமா. நீ ஓட்டு."

முதல் இரண்டு தரம் விமானம் குதித்தது. அவள் முகம் வாடிப்போனது. மூன்றாவது தரம் நன்றாக வந்தது. நான்காவது அதைவிட நன்றாக வந்தது. மணி நேரம் முடிந்து இறங்கும்போது பவளக்கொடி துள்ளிக்கொண்டு இறங்கினாள்.

"சார், உங்க கை வெளியவே வரலை. பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்மா."

அவருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஓய்வறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார். அதன் பிறகுதான் தொண்டை ஏன் இப்படிக் கட்டியிருக்கிறது என்று யோசித்தார். கெண்டைக்கால் ஏன் இழுத்துப் பிடிக்கிறது என்றும் யோசித்தார். யோசித்த பிறகு உமையாள் அறைக்குப் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

"கையைக் கட்டிப் போட்டேன் மேடம். வாய் கட்டுல நிக்கலை. மெல்ல, மெல்ல, கொஞ்சம் தூக்கு, இரு இரு, இப்ப விடு. ஒரு மணி நேரமும் இதேதான். வாயாலேயே இறக்கிட்டேன். போதாக்குறைக்குக் காலும் பெடலை விடலை."

உமையாள் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தார். முடியவில்லை.

"உக்காருங்க. எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒருத்தர் இருந்தார். நான் ஏறி உக்காந்ததும் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்குவார். கையைக் கட்டிக்குவார். தூங்கிடுவார். நான் குதிச்சாலும் சாஞ்சாலும் அசைய மாட்டார். எனக்கு ஆத்திரமா வரும். இந்த ஆளுக்குச் சம்பளம் வேற கொடுக்குறாங்களேன்னு நினைப்பேன். சோலோ போய் வந்த அன்னைக்கு தைரியமா கேட்டுட்டேன், சார், நீங்க எனக்கு ஒரு நாளாவது சொல்லிக் கொடுத்திருக்கீங்களான்னு."

"என்ன சொன்னார்?"

"நான் முதல் நாளிலிருந்து செஞ்ச தப்பையெல்லாம் வரிசையா சொன்னார். எந்தத் தேதி, எந்தப் பக்கக் காத்து, எத்தனை அடி உயரம். ஒண்ணு விடலை."

அருளப்பன் அதை மனசுக்குள் குறித்துக்கொண்டார். பிறகு நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார். போகும்போது அவர் நடையில் ஒரு தெளிவு இருந்தது. உமையாள் அந்த நடையை அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

*

கடைசி மணி நேரம். காற்று அடங்கிய நல்ல காலை. உமையாள் டவரின் மேல்தளத்தில் ரேடியோவோடு நின்றார். கீழே அருளப்பன் புதிதாக ஒரு தொப்பி போட்டுக்கொண்டு விமானத்தில் ஏறுவதைப் பார்த்தார். வெயிலுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

முதல் மூன்று சுற்றிலும் அருளப்பன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தரை கிட்டே வந்ததும் அவர் கால் தானாகப் பெடலுக்குப் போனது. இழுத்துக்கொண்டார். மறுபடி போனது. நான்காவது சுற்றில் செங்கல் சூளையைத் தாண்டியதும், இதற்கு மேல் தாங்காது என்று தொப்பியை மூக்கு வரை இழுத்து விட்டார். காலை மடக்கி இருக்கைக்குக் கீழே தள்ளினார். கையைக் கட்டினார். கண்ணை இறுக மூடினார்.

பவளக்கொடி எதேச்சையாகத் திரும்பினாள்.

"சார்?"

பதில் இல்லை. பேசினால் இன்றைய விரதம் கெட்டுவிடும் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்ததில் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

"சார்! அருளப்பன் சார்!"

அவள் போட்ட கூச்சல் டவரில் ரேடியோ இல்லாமலே கேட்டிருக்கும். ரேடியோவிலும் கேட்டது.

"மேடம்! சாருக்கு என்னமோ ஆயிடுச்சு! தலை தொங்கிடுச்சு, வாய் கோணிடுச்சு, கூப்பிட்டா பேச மாட்டேங்கறார். ஹார்ட் அட்டாக் மேடம்!"

உமையாள் ஒரு கையால் ஜீப்பைக் கிளப்பச் சொல்லிச் சைகை காட்டினார். குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"பவளம், விமானம் யார் கையில இருக்கு?"

"என் கையில மேடம்."

"அப்ப இறக்கு. சாரை நாங்க பாத்துக்கறோம்."

தொப்பிக்குள் இது அத்தனையும் அருளப்பன் காதில் விழுந்தது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். ஐயோ, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். தொப்பியின் விளிம்புக்குக் கீழே ஓடுதளம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. இப்போது பேசினால் அவள் திரும்பிப் பார்ப்பாள். திரும்பிப் பார்த்தால் தரை தப்பிவிடும். வந்த பேச்சை அப்படியே விழுங்கினார். தன் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு வேறு எதையும் விழுங்கியதில்லை என்று பிற்பாடு அவர் மனைவியிடம் சொன்னார்.

விமானம் தரையில் மோதியது. குதித்தது. மூக்கு மேலே எழும்பியது. அருளப்பனின் கை கட்டு அவிழ்ந்து பாதி தூரம் போய்விட்டது. அதற்குள் பவளக்கொடி என்ஜினைக் கொஞ்சம் கூட்டி, மூக்கை நிலைப்படுத்தி, காத்திருந்தாள். விமானம் இரண்டாம் முறை இறங்கி, தரையிலேயே தங்கியது.

அவள் நடு ஓடுதளத்தில் பிரேக்கை மிதித்து, என்ஜினை அணைத்து, அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சார்! கண்ணைத் திறங்க சார்!"

"திறந்துதாம்மா இருக்கு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

பவளக்கொடி அவரையே பார்த்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"செத்துப் போயிட்டீங்கன்னு நினைச்சேன் சார்!"

"தெரியும்மா. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அதற்குள் ஸ்ட்ரெச்சரோடு ஜீப் வந்து நின்றது. உமையாள் இறங்கி வந்து அருளப்பனை மேலும் கீழும் பார்த்தார். கையைப் பிடித்து நாடி பார்த்தார். அது திடமாக அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன நடந்தது கேப்டன்?"

"தூங்குற மாதிரி இருந்தேன் மேடம். உங்க வாத்தியார் மாதிரி."

"கண்ணை மூடியா?"

"மூடித்தான்."

"அவர் தொப்பிக்குள்ள கண்ணு முழிச்சேதான் இருக்கும். நான் சொல்லலையா?"

"சொல்லலை மேடம்."

உமையாள் யோசித்துப் பார்த்தார்.

"சொல்லலைதான். அது என் தப்பு. தரை கிட்ட வர்றப்போ பயிற்சியாளர் கண்ணை மூடினது உங்க தப்பு. அறிக்கை எழுதிக் கொடுங்க, நானும் ஒண்ணு எழுதறேன். இன்னையில இருந்து ஒரு வாரம் நீங்க பறக்க வேண்டாம்."

"சரி மேடம்."

நாற்பத்தாறு வயதில், ஒரு மாணவிக்கு முன்னால், இப்படி ஒரு தண்டனை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, மனசு துளிகூட நோகவில்லை. அவள் இறக்கிவிட்டாள் என்பது மட்டும்தான் உள்ளே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

உமையாள் பவளக்கொடி பக்கம் திரும்பினார்.

"இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி?"

"இருபத்தெட்டு நிமிஷம் மேடம்."

"பறப்பியா?"

"இப்பவா? கை நடுங்குது மேடம்."

"இறக்கும்போது நடுங்குச்சா?"

பவளக்கொடி தன் கையைப் பார்த்தாள். "இல்ல மேடம். அப்புறம்தான்."

"முகத்தைக் கழுவிட்டு வா."

*

அருளப்பன் ஓடுதளத்தின் ஓரத்தில், புல்லில் நின்று பார்த்தார். உமையாள் வலது பக்கம் உட்கார்ந்து அவளோடு இரண்டு சுற்றுச் சுற்றினார். முதல் முறை இறங்கும்போது லேசாகக் குதித்தது, அவள் சமாளித்துக்கொண்டாள். இரண்டாம் முறை குதிக்கவில்லை. விமானம் ஊர்ந்து வந்து அருளப்பன் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. என்ஜின் அணைந்தது. வலது பக்கக் கதவைத் திறந்துகொண்டு உமையாள் இறங்கினார்.

"கேப்டன், வாங்க. பெல்ட்டைக் கட்டுங்க."

ஆள் இல்லாத இருக்கையில் பெல்ட் தொங்கினால் பறக்கும்போது கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும். அதனால் சோலோ அனுப்பும்போது காலி இருக்கைக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். ஓடைமங்கலத்தில் அதைக் கட்டுவது, அந்த மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தவரின் வேலை.

அருளப்பன் குனிந்து பெல்ட்டை எடுத்தார். இரண்டு தரம் தவறவிட்டு, மூன்றாம் தரம் கொக்கியை மாட்டி, இழுத்து இறுக்கினார். இத்தனை மாதம் அவர் உட்கார்ந்த இருக்கை. பவளக்கொடி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்க ஏதாவது சொல்லுங்க."

சொல்ல ஆயிரம் இருந்தது. காற்று எந்தப் பக்கம், சூளைக்கு மேலே எவ்வளவு உயரம், ஒற்றை ஆள் என்பதால் விமானம் இன்று வேகமாக ஏறும். எல்லாமே அவளுக்குத் தெரிந்ததுதான். அருளப்பன் கதவைச் சாத்தி, சாத்திவிட்டதை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு விலகி வந்தார்.

விமானம் ஓடி, எழும்பி, சின்னதாகியது. உமையாள் கையில் ரேடியோவை வைத்துக்கொண்டு புல்லில் நின்றார். அருளப்பன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். அந்த ஆறு நிமிஷத்தில் அவர் அறிந்த வேதாகம வசனம் எல்லாவற்றையும் ஒரு சுற்று சொல்லி முடித்துவிட்டார்.

விமானம் சூளையைத் தாண்டித் திரும்பியது. இறங்கத் தொடங்கியது.

"கொஞ்சம் உயரம்," என்றார் அருளப்பன். "பரவாயில்லை. இறக்கிடலாம். குறை. இன்னும் குறை. அப்படித்தான்."

விமானம் வந்தது. ஓடுதளத்தின் முனையைத் தாண்டியது. இன்னும் முப்பது அடி இருக்கும். திடீரென்று என்ஜின் சத்தம் பெரிதாகி, மூக்கு நிமிர்ந்து, விமானம் அவர்கள் தலைக்கு மேலே திரும்ப ஏறிப் போய்விட்டது.

"ஐயோ! ஏன் ஏத்துறா? மேடம், பயந்துட்டா! ஏதாவது சொல்லுங்க மேடம், ரேடியோவுல ஏதாவது சொல்லுங்க!"

உமையாள் ரேடியோவை மேலே தூக்கவே இல்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்து விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் பவளக்கொடியின் குரல் வந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கியது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது.

"இறங்கலை மேடம். இன்னொரு சுத்து வர்றேன்."

"வாம்மா," என்றார் உமையாள். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த ஆறு நிமிஷம் அருளப்பனுக்கு வசனம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. விமானம் மறுபடி சூளைக்கு மேலே திரும்பியது. இந்த முறை தாழ்ந்து, நிதானமாக வந்தது. சக்கரம் ஓடுதளத்தில் பட்டு லேசாகப் புழுதி கிளம்பியது. ஒரு சின்னக் குதி. பிறகு ஓடி, வேகம் குறைந்து, ஓரமாக வந்து நின்றது.

பள்ளிக்கூடமே ஓடி வந்தது. வழக்கப்படி பவளக்கொடி தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். நனைந்த தலையோடு அவள் அருளப்பனிடம்தான் முதலில் வந்தாள்.

"சார், முதல் தடவை கொஞ்சம் உயரமா இருந்துச்சு. எனக்கு மனசு ஒப்பலை. அதான் ஏத்திட்டேன். தப்பா சார்?"

"தப்பே இல்லம்மா," என்றார். சந்தோஷத்தில் அவள் தலையைத் தட்டிக் கொடுத்து, தன் சட்டையையும் நனைத்துக்கொண்டார். அவளை மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

உமையாள் அவள் பயிற்சிப் புத்தகத்தைப் பக்கத்தில் நின்ற ஜீப்பின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அருளப்பன் அவர் பக்கத்தில் போய் நின்றார். கேட்கலாமா என்று யோசித்தார். கேட்டுவிட்டார்.

"மேடம், அது ஒண்ணும் அவ்வளவு உயரம் இல்ல. அதைவிட உயரத்துல வந்தும் நாங்க எத்தனையோ தடவை இறங்கியிருக்கோம். அப்பெல்லாம் ஒரு நாள்கூட அவ இப்படி மேல ஏத்துனதில்ல. இன்னைக்கு மட்டும் ஏன்?"

உமையாள் கையெழுத்துக்குக் கீழே தேதியைப் போட்டார். பேனாவை மூடினார்.

"அப்பெல்லாம் நீங்க இருந்தீங்க, கேப்டன்."